மடக்கு சைக்கிளுக்கு ஒரு கேரியர்

மடக்கு சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "மடக்கி எங்க வைக்கப் போற?" என்று மட்டும் கேட்டார். ரயிலில் என்றேன். "ரயிலே சக்கரத்துலதான் ஓடுது. அதுக்குள்ள இன்னொரு சக்கரம் எதுக்கு?" என்று கேட்டுவிட்டு ரசம் ஊற்றச் சொன்னார். சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையில் ஷிப்ட் வேலை. எந்த விஷயத்திலும் இரண்டு கேள்விக்கு மேல் கேட்க அவருக்குத் தெம்பு இருக்காது. அது நான் செய்த பாக்கியம்.

எனக்கு வேலை சிதம்பரத்தில், ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில். ரத்தம் எடுப்பவள் நான்தான். காலையில் கதவைத் திறக்கும் முன்பே வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். எல்லாரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். சர்க்கரை வியாதிக்காரரை வெறும் வயிற்றில் காக்க வைத்தால் என்ன ஆகும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். "காப்பி குடிக்காம எத்தினி நேரம்மா உக்காந்திருக்கறது?" என்று அவர்கள் மெதுவாகத்தான் கேட்பார்கள். கேட்கிற விதத்தில் ஊசி என் கையில் இருக்கிறதா அவர்கள் கையில் இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிடும். அதனால் வண்டிப்பாளையத்து வீட்டிலிருந்து விடிகிறபோதே கிளம்பி, திருப்பாதிரிப்புலியூரில் காலைப் பாசஞ்சரைப் பிடித்து, சிதம்பரத்தில் இறங்கி, தெற்கு வீதிக்கு ஓடியாக வேண்டும்.

இதில் ரயில் ஒரு தொந்தரவே இல்லை. ரயிலுக்கு முன்னாலும் ரயிலுக்குப் பின்னாலும் இருக்கிற தூரம்தான் தொந்தரவு. மாமாவுக்குக் காலை ஷிப்ட் இல்லாத நாட்களில் பைக்கில் கொண்டுவந்து விடுவார். மற்ற நாட்களில் ஆட்டோ கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் நடைதான். சிதம்பரத்தில் இறங்கினால் அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ ஒன்றிரண்டுதான் நிற்கும். ஆள் நிரம்பாமல் நகராது. ஆட்டோக்காரர் ஆள் சேர்க்கிற நேரத்தில் எனக்கு வாசலில் ஆள் சேர்ந்துவிடும்.

ஆனால் பல வருஷம் அந்தத் தூரத்தை நான் தூரமாக நினைத்ததே இல்லை. அக்கா இருந்தாள்.

கூடப் பிறந்தவள் இல்லை. ரயிலில் கிடைத்தவள். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். என் பரிசோதனை நிலையத்துக்கு அடுத்த தெருதான். வீடு முதுநகரில், நான் ஏறுகிற ஸ்டேஷனுக்கு அடுத்த ஸ்டேஷன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, தனியாக இருந்தாள். நான் ஜன்னலோரத்தில் பையைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன். முதுநகரில் ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். ஆலப்பாக்கம் வருவதற்குள் அவள் வீட்டுக் கதை முடியும். பரங்கிப்பேட்டை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் போகும்போது என் வீட்டுக் கதை பாதியில் இருக்கும். மீதியைச் சைக்கிளில் சொல்வேன்.

சிதம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் அவளுடைய பழைய லேடீஸ் சைக்கிள் நிற்கும். இறங்கியதும் அதை எடுத்து அவள் மிதிப்பாள். நான் பின்னால் கேரியரில், ஒரு பக்கமாக, இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பையையும் அணைத்துக்கொண்டு. அதற்குப் பெயர் டபுள்ஸ். எங்கள் பக்கத்தில் யாராவது புதிதாகச் சைக்கிள் வாங்கினால் பார்க்க வருகிறவர்கள் பெல்லை அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "டபுள்ஸ் தாங்குமா?" தாங்காது என்றால் அப்புறம் அந்தச் சைக்கிளைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை. ஓட்டுகிறவரை மட்டும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டியை நாங்கள் வண்டிக் கணக்கில் சேர்ப்பதில்லை.

என் தொழிலில் ஆட்களை முகத்தால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. கைகள்தான் என் கண்ணில் நிற்கும். நரம்பு ஓடி ஒளிகிற கை, தொட்டாலே எழும்புகிற கை, பார்த்ததும் மயங்கிவிழப் போகிற ஆளின் கை. கடைத்தெருவில் யாராவது சிரித்தால் நான் முதலில் முழங்கையைத்தான் பார்ப்பேன். அக்காவை எனக்கு முதுகால் தெரியும். பின்னலைக் கழுத்தோரம் முன்னால் எடுத்துவிட்டுக்கொண்டுதான் மிதிக்க ஆரம்பிப்பாள், என் முகத்தில் அடிக்கக் கூடாதென்று. ரவிக்கைக்கும் புடவைக்கும் நடுவில் குத்திய ஊக்கு, தேங்காயெண்ணெய் வாசனை, ஏதாவது சொல்லிச் சிரிக்கும்போது குலுங்குகிற தோள்பட்டை. திரும்பிப் பார்க்காமல்தான் பேசுவாள். பாதிப் பேச்சு காற்றில் போய்விடும். "என்னாக்கா?" என்று கேட்டால், "உன்ன ஒண்ணும் சொல்லல, மாட்ட சொன்னேன்" என்பாள். எதிரில் மாடு நிற்கும்.

ஒரு நாளாவது நான் அவளை வைத்து மிதிக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அவளுக்கு மூட்டு வலி இருந்தது. பகலெல்லாம் வார்டில் நிற்கிற கால். சாயங்காலம் ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது, வாய்க்கால் பாலத்து மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், ஆனால் இறங்கச் சொல்லமாட்டாள். நானாக இறங்கினால் கோபம் வரும். எனக்குத் தனியாகச் சைக்கிள் ஓட்ட வரும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிளில் கரும்பு வண்டிகளுக்கு நடுவே நெல்லிக்குப்பம் வரைக்கும் போய்வந்தவள்தான். பின்னால் ஆள் உட்கார்ந்தால் மட்டும் ஹேண்டில் என் பேச்சைக் கேட்காது. ஒரு தடவை வம்பாக அவளை உட்காரவைத்து மிதித்தேன். நேராக ஒரு டீக்கடையின் பெஞ்சுக்குப் போனோம். உட்கார்ந்திருந்தவர் கிளாஸைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். அக்கா இறங்கி, ரோட்டோரம் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு ஆயுசு கெட்டிடி. ஆனா நீ நல்லா கத்துக்க. கால் ரொம்ப முடியாம போற அன்னிக்கி நீதான் என்ன வச்சு மிதிக்கணும்" என்றாள். கத்துக்கிறேன்க்கா என்றேன். மறுநாளும் அவள்தான் மிதித்தாள். அதற்கடுத்த நாளும்.

பிறகு அவள் மகளுக்குப் பிரசவம் வந்தது. மகள் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறாள். அக்கா சம்பளமில்லாத லீவு போட்டுக்கொண்டு கிளம்பினாள். போகும் முன்பு சைக்கிளை ஆஸ்பத்திரி ஆயாவுக்குக் கொடுத்துவிட்டாள். ஸ்டேஷனில் கட்டட வேலை நடப்பதால் ஸ்டாண்டை எடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு இருந்தது. "எங்க கொண்டுபோய் நிறுத்துவ? இது பழசு வேற. நான் வந்ததும் நல்லதா ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றாள்.

போனில் பேசும்போதெல்லாம் அந்த வார்த்தையைத்தான் சொல்வாள். நான் வந்ததும் மூட்டுக்கு டாக்டரைப் பார்க்கணும். நான் வந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிக்கணும். நான் வந்ததும் ஒரு நாள் பிச்சாவரம் போவோம், இத்தினி வருஷம் பக்கத்துலயே போயிட்டு வந்து ஒரு தடவகூட படகு ஏறல. அந்த 'வந்ததும்'களை வைத்துக்கொண்டு நான் மாதங்களை ஓட்டினேன். முதுநகர் ஸ்டேஷன் வரும்போது கை தானாகப் பையை ஜன்னலோரம் போட்டுவிடும். மீன் கூடைக்காரிகள் ஏறுவார்கள். அவர்களில் ஒருத்தி பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, "அதான் வரலைன்னு தெரியுதுல்ல, அப்பறம் என்னாத்துக்கு எடம் போடற?" என்று கேட்டு உட்காருவாள். எனக்கு ஆத்திரமாக வரும். அவள் கேட்டதில் தப்பில்லை என்பதால் இன்னும் ஜாஸ்தியாக வரும்.

ஸ்டாண்டையும் எடுத்துவிட்டார்கள். அப்போதுதான் மடக்கு சைக்கிள் எண்ணம் வந்தது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மிதிக்கலாம், மடக்கி ரயிலில் ஏற்றலாம், அந்தப் பக்கம் விரித்து மிதிக்கலாம். யூடியூப்பில் ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்து, மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் நின்று, கண்ணை மூடித் திறப்பதற்குள் சைக்கிளை மடக்கிக் கையில் தூக்கிக்கொண்டு போனார். அவரை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். மாமாகூட, "யாரு இவன், சொந்தக்காரனா?" என்று கேட்கும் அளவுக்குப் பார்த்தேன்.

கடலூரில் கேட்ட கடைகளில் வரவழைத்துத் தருகிறோம் என்றார்கள். பார்க்காமல் வாங்க எனக்கு மனசில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவோடு பாண்டிச்சேரிக்குப் போனேன். கடையில் இரண்டு மடக்கு சைக்கிள்களை எடுத்துக் காட்டினார்கள். ஒன்று சின்னச் சக்கரம், எடை குறைவு. நடுவில் இருக்கிற பூட்டைத் திறந்தால் பாதியாக மடங்கி, ஹேண்டிலும் சீட்டும் உள்ளே இறங்கி, ஒரு பெட்டி அளவுக்கு வந்துவிட்டது. மாமா ஒரே கையால் தூக்கிப் பார்த்தார். "இதான். முடிஞ்சிது" என்றார். அவருக்குப் பசி.

எனக்கும் அதுதான் பிடித்தது. ஆனால் அதன் பின்சக்கரத்துக்கு மேலே ஒன்றுமே இல்லை. மழித்த தலை மாதிரி இருந்தது. "இதுல கேரியர் வைக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"இதுல முடியாது மேடம். அந்தப் பெரிய சக்கரத்துல வைக்கலாம். சின்னக் கேரியரா வரும். லேப்டாப் பேக் வச்சுக்கலாம்" என்றார் கடைக்காரர்.

"ஆளு?"

"ஆளா?"

"டபுள்ஸ் தாங்குமான்னு கேக்கறேன்."

அவர் சிரித்தார். கேலியாக இல்லை, அசட்டுச் சிரிப்பு. "மேடம், இது வெளிநாட்டு டிசைன். அங்கல்லாம் ஒரு ஆள்தான் போவாங்க" என்றார்.

"பாவம்" என்றேன்.

மாமா என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப்போய், "யார உக்காரவைக்கப் போற?" என்று கேட்டார். அக்காவை என்றேன். அவர் முகம் மாறியது. அக்காவை அவருக்கும் பிடிக்கும். பொங்கலுக்கு நாங்கள் கரும்பு கொடுத்தால் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டு அச்சுமுறுக்கு எங்களுக்கு வரும். "அவுங்க வரட்டும். வந்தப்பறம் பாத்துக்கலாம். இப்ப உனக்குத் தோதா எடு" என்றார். வந்து நிற்கும்போது சைக்கிளை மாற்றிக்கொண்டிருக்க முடியாது என்றேன். இன்னொன்றும் எனக்குள் ஓடியது, அதை அவரிடம் சொல்லவில்லை. கேரியர் இல்லாத சைக்கிளை வாங்கினால் அவள் வரமாட்டாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி. இப்படியெல்லாம் யோசிக்கிறவள் இல்லை நான். பூனை குறுக்கே போனால் பூனைக்கு என்ன அவசரமோ என்று நினைப்பேன். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சின்னச் சக்கரத்தைத் தொட என்னால் முடியவில்லை. பெரிய சக்கரத்தை வாங்கினோம்.

கடையில் கொடுத்த கேரியர் அப்பளம் பொரிக்கிற கம்பி கனம்தான் இருந்தது. அதில் அக்காவை உட்காரவைக்க முடியாது. எங்கள் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஆள் உட்கார்ந்து போகிற மாதிரி கேரியர் வேண்டும் என்றேன். அவர் ஒரு பழைய லேடீஸ் சைக்கிளின் இரும்புக் கேரியரைத் தேடி எடுத்து, காலை வெட்டி, வளைத்து, வெல்டு வைத்து, நான்கு பக்கமும் போல்ட் போட்டு முறுக்கினார். அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்து காட்டினார். "அரிசி மூட்ட ஏத்துனாலும் தாங்கும்" என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவருக்கு மடக்கிக் காட்டலாம் என்று நடுப்பூட்டைத் திறந்தேன். முன்பாதி திரும்பி வந்து கேரியரின் காலில் டங்கென்று இடித்து நின்றுவிட்டது. பாதி சாத்திய கதவு மாதிரி. அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை.

"என்னாண்ணே இது?"

அவர் சுற்றிவந்து பார்த்தார். "டபுள்ஸ் போவணும்னுதான சொன்னீங்க? மடக்கணும்னு சொல்லலியே" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சைக்கிளின் பெயரே மடக்கு சைக்கிள் என்பதை நானும் அந்த நேரத்துக்கு மறந்துதான் போயிருந்தேன்.

மாமா சிரிக்கவில்லை. அதற்கு அவரைத் தனியாகப் பாராட்ட வேண்டும். மறுநாளிலிருந்து சாயங்காலங்களில் கெடிலம் ஆற்றங்கரைப் பக்கம் போய் டபுள்ஸ் பழகினோம். அவர்தான் பின்னால் உட்கார்ந்தார். மில்லில் நின்று நின்று உரம் ஏறிய உடம்பு. அவர் ஏறியதும் முன்சக்கரம் லேசாகத் தூக்கியது. அவர் கால் தரையில் தேய்ந்துகொண்டே வந்தது. முதல் நாள் இரண்டு பேரும் புதருக்குள் போனோம். எதிரில் வந்த அவருடைய கூட்டாளி ஒருவர், "என்னா மச்சான், சவாரி ஜோரா இருக்குதே" என்று கேட்டுவிட்டுப் போனார். "பொண்டாட்டி மிதிக்கறா, நான் போறேன். உனக்கென்னா?" என்று மாமா கேரியரில் இருந்தபடியே பதில் சொன்னார். நாளாக ஆக ஹேண்டில் என் சொல்லுக்கு வந்தது. பின்னால் இருக்கிற ஆள் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது இடுப்புக்குத் தெரிய ஆரம்பித்தது. ஒரு நாள் கெடிலம் பாலத்து மேட்டில் அவரை வைத்துக்கொண்டே ஏறிவிட்டேன். மேலே போய் நிறுத்தியபோது எனக்கு மூச்சு வாங்கியது. அக்காவுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தேன். மாமா இறங்கி நடந்து வந்தார்.

ரயிலில்தான் சிக்கல். பாதி மடங்கிய சைக்கிளைச் சீட்டுக்கு அடியில் தள்ள முடியாது. வாசலுக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டு போகிற ஒரே ஆள் நான்தான். முதுநகரில் மீன் கூடைக்காரிகள் ஏறினால் அவர்களுடைய மீன் அன்னக்கூடைகளுக்கும் சைக்கிளுக்கும் சண்டை. ஒருத்தியின் புடவை கேரியரில் மாட்டிக் கிழிந்தது. "என்னாடி இது, ரயிலு ஏறியும் நெட்டுக்க நிக்குது?" என்றாள். மடங்கும்க்கா என்றேன். "எங்க மடங்குது? உன்னமாரியேதான் அதுவும் மொறைச்சிக்கினு நிக்குது" என்றாள். ஆனாலும் அடுத்த நாள் வலைக் கயிறு கொஞ்சம் கொண்டுவந்து, சைக்கிள் விரியாதபடி இறுக்கிக் கட்டிக்கொடுத்ததும் அவள்தான்.

அப்படியும் இப்படியுமாக நாட்கள் ஓடின. சிதம்பரத்தில் இறங்கிக் கயிற்றை அவிழ்த்து மிதித்தால் ஷேர் ஆட்டோ நகர்வதற்குள் தெற்கு வீதிக்குப் போய்விடுவேன். வெறும் வயிற்றுக்காரர்கள் சமாதானமானார்கள். பின்னால் கேரியர் காலியாக வரும். சும்மா இருக்கிற கேரியர் பள்ளத்தில் விழும்போது சத்தம் போடும். ஆள் உட்கார்ந்திருந்தால் அந்தச் சத்தம் வராது. இது எனக்கு முன்பு தெரியாது, நான் உட்கார்ந்துவந்தவள் அல்லவா. அக்கா ஒருவேளை இந்த வாரம் வருவாள், அடுத்த மாதம் வருவாள் என்று அந்தச் சத்தத்தோடு மிதிப்பேன்.

ஒரு நாள் புதுச்சத்திரம் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். எல்லாரிடமும் டிக்கெட் பார்த்துவிட்டு என் சைக்கிளிடம் வந்தார். "இது என்னாம்மா?" என்று கேட்டார்.

"மடக்கு சைக்கிள் சார்."

"மடங்கலியே."

"கேரியர் இடிக்குது சார்."

அவர் குனிந்து பார்த்தார். வலைக் கயிற்றைப் பார்த்தார். கோபக்காரராகத் தெரியவில்லை. "மடங்கினா லக்கேஜ். சீட்டுக்கு அடியில வச்சிட்டா நான் கேக்கப் போறதில்ல. மடங்கலைன்னா அது சைக்கிள். சைக்கிள்னா புக் பண்ணித்தான் ஏத்தணும். தெனம் புக் பண்ண முடியுமா உங்களால? ரெண்டுல ஏதாவது ஒண்ணா இருக்கச் சொல்லுங்க" என்றார். இன்றைக்குப் போகட்டும், இந்த வாரத்துக்குள் ஏதாவது பண்ணுங்கள் என்றும் சொன்னார்.

மீன்காரி, "நான் சொன்னா கேக்கல, இப்ப சார் சொல்றாரு" என்றாள். எனக்கு யாரிடம் எரிந்துவிழுவது என்று தெரியவில்லை. அவர் சொன்னது நியாயம்தான். கேரியரைக் கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும். நான்கு போல்ட். வீட்டிலேயே ஸ்பேனர் இருக்கிறது. மாமா இரண்டு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் கழட்டட்டுமா?" என்று கேட்டார். தொட்டால் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிடுவாள். காலையில் கோயில் முடிந்து வந்து, பேரனைத் தூங்கவைத்துவிட்டுப் பேசுவாள். மாதா கோயிலுக்குப் போவதை அவள் கோயில் என்றுதான் சொல்வாள். அன்றைக்குப் பேரன் தூங்கவில்லை. அவள் மடியில் உட்கார்ந்து போனைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சைக்கிள் வாங்கியது தெரியும். கேரியர் விஷயம் தெரியாது. அவள் வந்து இறங்கும்போது சைக்கிளைக் கொண்டுபோய் முன்னால் நிறுத்தி, ஏறுக்கா என்று சொல்ல வேண்டும் என்று நான் அதை ஒளித்துவைத்திருந்தேன்.

ஆனால் டிக்கெட் பரிசோதகர் கதையை ஒளிக்க முடியவில்லை. சிரிப்புக் கதையாகத்தான் சொன்னேன். மெக்கானிக் சொன்னதையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "ஏன்டி, அவ்ளோ பெரிய கேரியர் உனக்கு எதுக்கு? பைய முதுகுல மாட்டிக்க வேண்டியதுதான?" என்று கேட்டாள்.

"நீ உக்கார வேணாமா?"

பேரன் ஏதோ மழலையில் சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"மாமாவ வச்சு பழகிட்டேன்க்கா. மேட்டுலகூட ஏத்திட்டேன். இப்ப ஹேண்டில் ஆடறதே இல்ல" என்றேன்.

"கழட்டிடுடி" என்றாள்.

"கழட்டிட்டா நீ வந்ததும் என்னா பண்றது?"

"வந்தா பாத்துக்கலாம்."

வந்ததும் என்று சொல்லவில்லை. வந்தா என்றாள். இத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். உடனே வேறு எதையாவது பேசி மூடியிருக்கலாம். மூடவில்லை.

"வந்தாவா?" என்றேன்.

"வேற என்னா சொல்லச் சொல்ற? புள்ள என்ன வுட்டு ஒரு நிமிஷம் இருக்க மாட்டேங்குது. அவ வேலைக்குப் போனாதான் அவுங்களுக்கு வீட்டு லோன் கட்ட முடியும். நான் இல்லைன்னா இவன யாரு பாக்கறது? எனக்கும் இவன வுட்டுட்டு வர மனசு வரல. அதையும் சொல்லிடறேன். உங்கிட்ட சொல்லாம யார்கிட்ட சொல்றது." பேரனிடமிருந்து போனை மீட்டுக்கொண்டு மறுபடி பேசினாள். "வேலைய வுட்டுடறேன்னு ஆஸ்பத்திரிக்குப் போன வாரமே எழுதி அனுப்பிட்டேன். உனக்கு எப்படி சொல்றதுன்னுதான் இருந்தேன்."

வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும், போனில் அழுவது எனக்குப் பிடிக்காது.

"தெனம் அந்த நேரத்துக்கு முழிப்பு வந்துடுதுடி" என்றாள் அக்கா. "அலாரமே வேணாம். படுத்துக்கினே இருப்பேன். இப்ப ஆலப்பாக்கம் தாண்டியிருக்கும், இப்ப பரங்கிப்பேட்டை, இப்ப எறங்கியிருப்பான்னு நெனச்சுக்குவேன். ஆட்டோ கெடச்சுதோ என்னாவோன்னு இருக்கும். இப்ப சைக்கிள் இருக்குதுல்ல. ஒழுங்கா மடக்கி வச்சிட்டு, ஜன்னலோரமா உக்காந்துக்கினு போ. நின்னுக்கினு போவாத. கால் போயிடும், என்னமாரி."

சரிக்கா என்றேன். பேரன் போனைப் பிடுங்கி எதையோ அமுக்கிவிட்டான். இணைப்பு போய்விட்டது. திரும்பக் கூப்பிடவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். மெக்கானிக் நன்றாகத்தான் முறுக்கியிருந்தார். மூன்று போல்ட் வந்துவிட்டது, நான்காவது வரவில்லை. மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். கழன்றதும் கேரியரை எங்கே வைக்கட்டும் என்று கேட்டார். எங்கேயாவது வையுங்கள் என்றேன்.

இப்போது சைக்கிள் நன்றாக மடங்குகிறது. யூடியூப்காரர் அளவுக்கு இல்லை, ஆனாலும் ரயில் நிற்பதற்குள் மடக்கிவிடுகிறேன். சீட்டுக்கு அடியில் போய்விடுகிறது. மீன்காரிக்குத் திருப்தி. பரிசோதகர் ஒரு நாள் குனிந்து பார்த்துவிட்டு, "ஆங், இது லக்கேஜ்" என்று சொல்லிப்போனார். அக்கா சொன்னபடி ஜன்னலோரமாகத்தான் உட்காருகிறேன். பள்ளத்தில் விழுந்தாலும் பின்னால் சத்தம் வருவதில்லை. டபுள்ஸ் மிதிக்க எனக்கு இப்போது நன்றாக வரும். அந்த டீக்கடை பெஞ்சுக்குப் பிறகு அவளை வைத்து நான் ஒரு நாள்கூட மிதிக்கவில்லை.